2021 ஈஸ்டர் வாரம்: குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனவர்கள் எழுதுங்கள்

ராலே அப்பா:

கொரோனா இரண்டாம் வருஷ வசந்தத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடல் பக்கம் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். நான் ஆரம்பித்து வைக்கிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள்.

ஏப்ரல் பள்ளி விடுமுறை என்றால் எங்களுக்கு நார்த் கரோலினாவின் கரையோரம் நீளமாகக் கிடக்கிற மணல்தீவுகளான அவுட்டர் பேங்க்ஸ்தான். நாங்கள் முருகனைக் கும்பிடுகிற குடும்பம், ஈஸ்டருக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பிளாஸ்டிக் முட்டையை ஒளித்துவைத்துத் தேடுவதைப் பார்த்து எங்களுடையதுகளும் அடம்பிடிக்க, அது அப்படியே நம் வீட்டுப் பண்டிகை ஆகிவிட்டது. உள்ளே மிட்டாய் வைக்கிற பண்டிகையை எந்தக் குழந்தை விடும்?

2020-ல் ஏப்ரல் 12 ஈஸ்டர். அங்கே நாக்ஸ் ஹெட் என்கிற ஊரில் வீடு பிடித்துப் பணமும் கட்டியாயிற்று. மார்ச் 17 அன்று அந்த ஊர் இருக்கிற டேர் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வெளியூர்க்காரர்கள் யாரும் வரக் கூடாது என்று பாலங்களிலேயே காவல் போட்டு மறித்துவிட்டது. சில நாளில், அங்கே சொந்த வீடு வைத்துக்கொண்டு வேறு ஊரில் இருப்பவர்களுக்கும் அனுமதி இல்லை என்றார்கள். திரும்பத் திறந்தது மே 16. அப்போது எரிச்சலாக இருந்தாலும் அவர்கள் செய்தது நியாயம்தான் என்பேன். அந்த மணல்திட்டில் இருப்பது ஒரு சின்ன ஆஸ்பத்திரி, நாம் எல்லாரும் போய் இறங்கியிருந்தால் தாங்கியிருக்காது.

அதற்குள் இன்னொரு சிக்கல். குளிர்காலத்தில் எங்களைப் பார்க்க வந்த மாமாவும் அத்தையும் (மனைவியின் அப்பா அம்மா) ஏப்ரலில் ஊர் திரும்ப டிக்கெட் வைத்திருந்தார்கள். மார்ச் கடைசியில் இந்தியா சர்வதேச விமானங்களை நிறுத்திவிட்டது. வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களைக் கூட்டிப்போக இந்திய அரசு விட்ட வந்தே பாரத் விமானம் வந்தபோது, இந்த வயதில் மாஸ்க்கோடு அவ்வளவு மணி நேரம் எப்படி உட்காருவது என்று மாமா மறுத்துவிட்டார். விசா நீட்டிப்புக்கு மனு போட்டோம், தள்ளிக்கொண்டே போனது. அந்த ஒரு வருஷமும் அவர்களை வாசல்படி தாண்ட விடவில்லை. பால் வாங்கி வந்தால்கூட நான் கை கழுவி, கவரைத் துடைத்து, அப்புறம்தான் உள்ளே. மாமா வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

2021 ஜனவரி நடுவில் எங்கள் மாநிலத்தில் 65 வயது தாண்டியவர்களுக்கு ஊசியைத் திறந்துவிட்டார்கள். மார்ச்சுக்குள் இருவருக்கும் இரண்டு டோஸும் முடிந்தது. எங்களுக்கு ஒன்றுகூட இல்லை, எல்லாப் பெரியவர்களுக்கும் என்று திறந்ததே ஏப்ரல் 7-ல்தான். ஏப்ரல் 2 வெள்ளிக்கிழமை, முழுதாக ஊசி போட்டவர்கள் நாட்டுக்குள் பயணம் செய்யலாம் என்று சிடிசி (அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பு) சொன்னதை மாமா டிவியில் கேட்டார். "கவர்மெண்டே சொல்லியாச்சு மாப்பிள்ளை, வண்டிய எடுங்க" என்றார். நாங்கள் எப்படியும் மறுநாள் கிளம்புவதாகத்தான் இருந்தோம், ஆனால் உத்தரவு அவருடையது போலவே இருந்தது.

வழியில் மளிகைக் கடை வந்தது. நான் இறங்கப் போனேன். "நீங்க உக்காருங்க, ஊசி போட்டது நாங்க" என்று மாமா இரண்டு மாஸ்க்கை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, அத்தையையும் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நானும் மனைவியும் பிள்ளைகளும் காருக்குள் கண்ணாடி ஏற்றிக்கொண்டு காத்திருந்தோம். சீட்டில் எழுதியது பத்து சாமான், வந்தது ஒரு வண்டி நிறைய. மாமா அவ்வளவு நிதானமாக ரசித்து ஒரு கடையைச் சுற்றி நான் பார்த்ததே இல்லை.

வீடு வழக்கம்போல உயரக் கட்டைகள் மேல் நிற்கிற வீடு, புயல் தண்ணீர் அடியில் ஓடிவிட அப்படிக் கட்டுகிறார்கள். மணலில் முட்டை ஒளிப்பது சரிப்படாது, அங்கே அடிக்கிற காற்றில் காலி பிளாஸ்டிக் உருண்டு கடலுக்குள் போய்விடும், அது ஆமைக்கும் பறவைக்கும் கேடு. அதனால் ஞாயிறு காலை வீட்டுக்கு அடியிலேயே ஒளித்தோம். உள்ளே சில்லறைக் காசு. மாமா ஒளித்த ஒன்றை அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை, இன்னும் அங்கேதான் இருக்கும்.

அத்தைக்குக் கடல் என்றால் தலை முழுக வேண்டும். ஏப்ரல் ஆரம்பத்தில் அட்லாண்டிக் தண்ணீர் ஐஸ், உள்ளே இருந்த ஓரிருவரும் ரப்பர் உடுப்பு போட்ட சர்ஃபிங்காரர்கள். சரி என்று புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, கணுக்கால் நனைய நின்று, மூன்று முறை கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, எங்களைப் பார்த்ததும் கழுத்தில் கிடந்த மாஸ்க்கை மேலே ஏற்றிக்கொண்டு, பத்தடி தள்ளி நின்று அது என்ன என்று கேட்டார். மகள் விளக்கினாள். எங்கள் சர்ச்சிலும் ஈஸ்டருக்குத் தண்ணீர் தெளிப்பார்கள், இந்த வருஷம் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் இடம், எனக்குக் கிடைக்கவில்லை என்றார் அவர். அத்தைக்கு அதை மொழிபெயர்த்தோம். அத்தை குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி, அவர் இருந்த திசையில் வீசினார். பாட்டிக்கு ஒரே சிரிப்பு, நாய்தான் குரைத்தது.

ரைட் சகோதரர்கள் நினைவிடத்துக்கும் போனோம், திறந்தவெளி, பயமில்லை. 1903-ல் பறந்த நாலு தடவையும் எங்கே இறங்கினார்கள் என்று கல் நட்டிருக்கிறார்கள். முதல் கல் 120 அடியில், 12 விநாடி பறந்த இடம். "இவ்வளவுதானா?" என்றார் மாமா. நாலாவது 852 அடி, அதுவரை நடந்துபோன பிறகுதான் சமாதானம் ஆனார்.

டம்பா குடும்பஸ்தன்:

அண்ணா, நீங்கள் பாக்கியவான். நாங்கள் அதே வருஷம் மார்ச் மூன்றாவது வாரம் மயாமி பீச் போனோம். ஃப்ளோரிடாவில் கட்டுப்பாடே இல்லை என்று நாடு முழுக்க இருந்து கல்லூரிப் பிள்ளைகள் வந்து குவிந்திருந்தார்கள். மார்ச் 20 சனிக்கிழமை மதியத்துக்கு மேல் நகரம் அவசரநிலை அறிவித்து, சவுத் பீச்சில் இரவு 8 மணிக்கு ஊரடங்கு என்றது. வாங்கின சாப்பாட்டுப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு இரண்டு வயதுப் பையனைத் தூக்கி ஓடினோம். ஒன்பது மணிக்கு மேல் பாலத்தையும் மூடிவிடுவார்கள் என்று பேச்சு. மறுநாள் காலை ஏழு மணிக்குப் பார்த்தால் கடற்கரை காலி, ஆளே இல்லை. உண்மையைச் சொன்னால் அந்த இரண்டு மணி நேரம்தான் நன்றாக இருந்தது. ஹோட்டல் லிஃப்டில் பத்துப் பேர் மாஸ்க் இல்லாமல் ஏறுவார்கள், நாங்கள் ஆறு மாடி படி ஏறினோம். வீடு எடுத்துத் தங்குவதுதான் சரி என்று அப்போதே மனைவி சொன்னாள்.

ஜெர்சி அக்கா:

எங்கள் வீட்டில் ஈஸ்டர் அன்று விடியற்கால ஆராதனைதான் எல்லாமே. நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்தவள், நாலு மணிக்கு எழுந்து பழக்கம். 2020-ல் போனில் பார்த்தோம், பாஸ்டர் குரல் ஒரு பக்கம், யாரோ மைக்கை அணைக்காமல் குக்கர் விசில் ஒரு பக்கம். 2021-ல் தமிழ் சபை இன்னும் திறக்கவில்லை என்று நாங்கள் மட்டும் ஆஸ்பரி பார்க் கடற்கரைக்கு இருட்டோடு போனோம். ஆறரைக்குச் சூரியன் வந்தது. மெதுவாகத்தான் பாட ஆரம்பித்தோம். தள்ளித் தள்ளிப் போர்வையோடு உட்கார்ந்திருந்த வேறு சில குடும்பங்களும் அதற்கென்றே வந்தவர்கள் போல. ஒரு பெரியவர் தூரத்திலிருந்து "கர்த்தர் உயிர்த்தெழுந்தார்" என்று அவர் பாஷையில் கத்தினார், என் வீட்டுக்காரர் யோசிக்காமல் "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று தமிழிலேயே பதில் கத்திவிட்டார். அவருக்குப் புரிந்தது.

தம்பி, 2020-ல் கட்டின பணம் திரும்பி வந்ததா, அதை எழுதவில்லையே?

ராலே அப்பா:

அக்கா, பாதிதான். வாடகை கம்பெனி பணமாகத் தர மாட்டோம், அடுத்த வருஷம் தங்கிக் கழித்துக்கொள்ளுங்கள் என்றது. இன்சூரன்ஸ்காரர்களைக் கேட்டால் தொற்றுநோய் எங்கள் பட்டியலில் இல்லை என்றார்கள். அந்தக் கழிவில்தான் 2021-ல் போனோம், மீதியைக் கையிலிருந்து போட்டேன். இப்போதெல்லாம் வீடு பிடிக்கும்போது ரத்து விதியை முழுசாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்து.