ஆறு வயது மகளுக்குத் தள்ளுவண்டி: எடுத்துப் போவதா, வேண்டாமா?

பாதிவழி:
அடுத்த மாதம் இரண்டு நாள் தீம் பார்க் பயணம். மகளுக்கு ஆறு வயது ஆகப்போகிறது. வீட்டில் அவளை உட்கார வைத்துத் தள்ளும் வண்டியை (ஸ்ட்ரோலர்) கைவிட்டு இரண்டரை ஆண்டுகள் ஆகிவிட்டன. மனைவியோ அதைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தே வைத்துவிட்டார். அதைப் பார்த்த என் அண்ணன், "கல்யாணம் வரைக்கும் தள்ளிக்கொண்டே போகப்போகிறாயா?" என்று கேட்டுவிட்டுப் போனான். மகள் பள்ளிக்கு நடந்துதான் போகிறாள். மாலையில் ஒரு மணி நேரம் ஓடி விளையாடுகிறாள். ஆனால் காலை ஒன்பது மணியிலிருந்து இரவு வாணவேடிக்கை முடியும் வரை என்றால் எப்படி இருப்பாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கால்நடை_ராஜா:
(பெயரைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு: கால்நடையாகவே எங்கும் செல்பவன் என்று பொருள்.)

வேண்டாம். இரண்டரை ஆண்டுகளாகத் தேவைப்படாத பொருள் பூங்கா வாசலில் மட்டும் எப்படித் தேவைப்படும்? 112 செ.மீ. உயரம் இருந்தால் போதும், புளோரிடா டிஸ்னியின் 'ஸ்பேஸ் மவுண்டன்' ரோலர் கோஸ்டரில் ஏற்றிக்கொள்வார்கள். இருட்டில் பாய்கிற வண்டியில் ஏறும்போது பெரியவள், இறங்கி வந்து சாய்ந்துகொள்ளும்போது கைக்குழந்தையா? என் இரண்டு பையன்களும் நாலரை வயதிலிருந்து நடந்தார்கள். அழுதார்கள்தான். அழுதுவிட்டு நடந்தார்கள்.

போதாததற்கு, கூட்டத்தில் பின்னாலிருந்து குதிகாலில் வந்து இடிக்கும் வண்டிகள். போன முறை என் மனைவி மூன்று முறை இடி வாங்கினார். மூன்றிலும் உட்கார்ந்திருந்தது பள்ளிக்குப் போகிற வயதுப் பிள்ளை. ஒரு பிள்ளையின் கால் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது!

மூவர்_அம்மா:
ராஜா அவர்களே, உயரம் பார்க்கும் கோல் இருக்கையின் பாதுகாப்புக் கம்பி உடம்பில் சரியாகப் பொருந்துமா என்று பார்ப்பதற்காக வைத்தது. கால் எவ்வளவு தாங்கும் என்பதை அது அளக்காது.

மூன்று பிள்ளைகளோடு பல முறை போயிருக்கிறேன். தூரத்தை யோசித்துப் பாருங்கள். புளோரிடாவில் டிஸ்னியின் எப்காட் பூங்காவில் ஏரியைச் சுற்றி நாடுகளின் அரங்குகள் இருக்கும் பாதையை ஒரு சுற்று வந்தாலே ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். அது அந்தப் பூங்காவின் ஒரு பகுதிதான். கழிப்பறைக்கு, மறந்துவிட்ட தொப்பிக்கு, "அதில் இன்னொரு தடவை" என்பதற்கு என்று நடப்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நாம் இரண்டடி வைக்கும் இடத்தில் அவர்கள் மூன்றடி வைக்கிறார்கள். மைதானத்தில் ஓடுகிற பிள்ளை களைத்தால் மண்ணில் உட்கார்ந்துகொள்ளும். பூங்காவில் எங்கே உட்காரும்?

பாதிவழி, எடுத்துப் போங்கள். உட்காராவிட்டால் பை உட்காரும்.

கால்நடை_ராஜா:
பிடித்துவிட்டேன். "பை உட்காரும்." பாதி வண்டிகள் பைக்காகத்தான் வருகின்றன, பிள்ளை ஒரு சாக்கு. பிள்ளையை உண்மையில் களைப்படையச் செய்வது வரிசை. முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். அந்த வரிசைக்குள் வண்டியை விடுவதில்லை. ஆக, நிற்கும்போது உதவாது, நடக்கும்போது மட்டும் உதவும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களைத் தள்ளுவண்டி போன்றவற்றில் தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது என்று இருக்கிறது. சின்னக் குழந்தைக்கே அப்படியென்றால் ஆறு வயதுக்கு?

மூவர்_அம்மா:
அதே வழிகாட்டுதலில், மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் நாளுக்கு 180 நிமிடமாவது உடலசைவோடு இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. பூங்காவில் பகல் பன்னிரண்டுக்குள் அது முடிந்துவிடும். அசையாமல் வளரும் பிள்ளைகளைப் பற்றிய கவலை அது. நாள் முழுக்க அலைந்த பிள்ளையை அரை மணி நேரம் உட்கார வைப்பதற்குத் தடை அல்ல.

வரிசையில் நின்று வெளியே வரும் பிள்ளைக்குத்தான் உட்கார இடம் வேண்டும். நீங்கள் சொன்னது என் பக்கத்து வாதம், நன்றி.

வரிசைக்காவலர்:
இரண்டு கோடைக்காலம் ஒரு பூங்காவில் வண்டி நிறுத்துமிடத்தில் வேலை பார்த்தேன். எந்தப் பூங்கா என்று கேட்காதீர்கள். இரண்டு தரப்புக்கும் கொஞ்சம் வருத்தம் தரப்போகிறேன்.

நீங்கள் விட்ட இடத்தில் உங்கள் வண்டி இருக்காது. காட்சி முடிந்து கூட்டம் வருமுன் நாங்களே ஒழுங்குபடுத்தி நகர்த்துவோம். திரும்பி வந்து, திருடிவிட்டார்கள் என்று எங்களிடம் கத்தியவர்கள் எத்தனையோ பேர். நூறு கறுப்பு வண்டிகளுக்கு நடுவில் உங்களுடையதைத் தேட வேண்டியிருக்கும். கைப்பிடியில் பளிச்சென்று ஒரு துணியைக் கட்டுங்கள், பெயர் எழுதுங்கள். பணம், பாஸ்போர்ட், கேமரா எதையும் அதில் விட்டுப் போகாதீர்கள்.

கைப்பிடியில் கனமான பையைத் தொங்கவிடுபவர்களுக்கு ஒன்று. உள்ளே பிள்ளை இருக்கும்வரை வண்டி நிற்கும். பிள்ளை குதித்து இறங்கியதும் அப்படியே மல்லாக்க விழும். நாள் தவறாமல் பார்த்த காட்சி. வெயிலுக்கென்று வண்டியை முழுக்கத் துணியால் மூடுகிறார்களே, அதையும் செய்யாதீர்கள். காற்று நின்று உள்ளே வெப்பம் ஏறிவிடும்.

குதிகாலில் இடிப்பது பற்றி ராஜா சொன்னது உண்மை. ஆனால் இடிப்பவர்களில் பெரும்பாலானோர் ஒரு கையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டே தள்ளுபவர்கள். வண்டியில் இருப்பது இரண்டு வயதா, ஏழு வயதா என்பது குதிகாலுக்குத் தெரியாது.

அளவுகோல்:
யாரும் கேட்காததை நான் கேட்கிறேன். மகளின் எடை என்ன? பரணிலிருந்து இறக்கிய வண்டி எத்தனை கிலோ தாங்கும்?

ஐரோப்பியத் தரநிலை இரண்டு பகுதியாக இருக்கிறது. ஈஎன் 1888இன் முதல் பகுதி 15 கிலோ வரையிலான பிள்ளைகளுக்கான வண்டிகளுக்கு, இரண்டாம் பகுதி அதற்கு மேல் 22 கிலோ வரை. ஐந்து வயதுப் பிள்ளையின் சராசரி எடையே 18 கிலோ. இரண்டு வயதுக்காக வாங்கிய வண்டியில் ஆறு வயதை உட்கார வைத்தால் முதலில் தளர்வது மடிப்புப் பூட்டு, அடுத்து முன்சக்கரம். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள்.

பூங்காவின் அளவு விதியையும் பாருங்கள். டிஸ்னி 2019 மே 1 முதல் அமெரிக்கப் பூங்காக்களில் 79 செ.மீ. அகலம், 132 செ.மீ. நீளத்துக்கு மேற்பட்டதை உள்ளே விடுவதில்லை. நான்கு சக்கரப் பெட்டி போல இழுத்துச் செல்லும் வேகன்களுக்கு அனுமதியே இல்லை. பெரிய பிள்ளைக்கு அதுதான் வசதி என்று வாங்கிப் போய் வாசலில் நிற்பவர்கள் உண்டு.

பாதிவழி:
இப்போதுதான் பார்த்தேன். வண்டி 15 கிலோதான் தாங்கும். மகள் 20 கிலோ. மனைவி பேசாமல் அதை மறுபடியும் பரணில் ஏற்றிவிட்டார். உள்ளேயே வாடகைக்கு எடுத்தால்?

மூவர்_அம்மா:
எடுக்கலாம். ஆனால் வாடகை வண்டி பெரும்பாலும் வாசலைத் தாண்டாது. வாசலில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் கார் நிறுத்துமிடம் வரை நடக்க வேண்டும். இரவில், வாணவேடிக்கை முடிந்து, ஊரே ஒரே நேரத்தில் வெளியேறும்போது, தூங்கி விழுகிற 20 கிலோவோடு. அந்தக் கடைசி நடைக்காகத்தான் நான் சொந்தமாக எடுத்துப் போகிறேன். தெரிந்தவர்களிடம் பெரிய வண்டி இருந்தால் இரவல் கேளுங்கள்.

கால்நடை_ராஜா:
அல்லது இரவு வரை இருக்காதீர்கள். இதை ஏன் யாருமே சொல்வதில்லை? மதியம் வெளியே வந்து, அறையில் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டு மாலையில் திரும்புங்கள். மூன்று வாரத்துக்கு முன்பிருந்தே தினமும் கொஞ்சம் கூடுதலாக நடக்கப் பழக்குங்கள். பழகிய செருப்பைப் போடுங்கள், பயணத்துக்கென்று வாங்கிய புதியதை அல்ல. டிக்கெட் வாங்கிவிட்டோம், கடைசிச் சொட்டு வரை பிழிந்துவிட வேண்டும் என்று பெற்றவர்கள் நினைப்பதால்தான் வண்டி தேவைப்படுகிறது. வண்டியில் போவது பிள்ளையின் களைப்பு அல்ல, நம் பேராசை.

மெல்லினம்:
இந்தத் திரியில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

என் மகனுக்கு எட்டு வயது. மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும். பார்த்தால் எதுவும் தெரியாது. ஓடுவான், குதிப்பான், ஒரு மணி நேரம் கழித்து முழங்கால் வலியில் சுருண்டுகொள்வான். மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து எழ முடியாது. நாங்கள் வண்டி எடுத்துப் போகிறோம். டிஸ்னி போன்ற பூங்காக்களில் விருந்தினர் சேவை அலுவலகத்தில் சொன்னால் அந்த வண்டியையே சக்கர நாற்காலியாகக் கருதும் அட்டை கட்டித் தருவார்கள். வரிசைக்குள்ளும் கொண்டுபோகலாம். இது தேவைப்படும் பெற்றோர் பலருக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன்.

ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் அவனைப் பார்த்து, "இவ்வளவு பெரிய பையன்..." என்று ஆரம்பிப்பார். நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். அவன்தான் இன்னும் நிறுத்தவில்லை. "எனக்கு மூட்டு வலி" என்று யாரென்றே தெரியாதவர்களிடம் எட்டு வயதில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கால்நடை_ராஜா:
மெல்லினம், உங்கள் மகனைப் போன்றவர்களைப் பற்றி நான் சொல்லவில்லை. அவனுக்கு வேண்டும், இருக்கட்டும். நான் சொல்வது நல்ல உடல்நிலையில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி.

மெல்லினம்:
தெரியும். ஆனால் கூட்டத்தில் பார்க்கும்போது எது எந்தப் பிள்ளை என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

மூவர்_அம்மா:
அந்தத் தரையில் இழுபட்ட கால், ராஜா அவர்களே. அந்தப் பிள்ளையின் கதை உங்களுக்குத் தெரியுமா?

கால்நடை_ராஜா:
தெரியாது. அதற்காகத் தள்ளுவண்டியில் வரும் பெரிய பிள்ளைகள் எல்லாருக்கும் மூட்டு வலி என்று என்னை நம்பச் சொல்லாதீர்கள். இன்றைக்கு இது போதும்.

பாதிவழி (ஐந்து வாரம் கழித்து):
போய் வந்துவிட்டோம். எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

22 கிலோ தாங்கும் வண்டி ஒன்றை இரவல் வாங்கிப் போனோம். முதல் நாள் மூன்று மணி வரை மகள் அதில் ஏறவே இல்லை. பையும் தண்ணீரும்தான் சவாரி போயின. ராஜா, சிரித்துக்கொள்ளுங்கள். நான்கு மணிக்கு எதுவும் சொல்லாமல் தானே ஏறி உட்கார்ந்தாள். இருபது நிமிடம் போயிருக்கும். எதிரே வந்த ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டே, "என்ன இது, அம்மாவை உட்கார வைத்து நீ தள்ள வேண்டிய வயது" என்றார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், வேடிக்கையாகத்தான் சொன்னார். மகள் இறங்கிவிட்டாள். அப்புறம் எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. இரவு கார் வரை அவளை நான் தோளில் தூக்கிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் மனைவி வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

இரண்டாம் நாள் வண்டியைக் காரிலேயே விட்டோம். மதியம் ஒரு மணிக்கு வெளியே வந்து தூங்கிவிட்டு ஐந்துக்குத் திரும்பினோம். அது நன்றாகப் போயிற்று, வாணவேடிக்கையின்போது அவள் தூங்கிவிட்டதைத் தவிர.

கால்நடை_ராஜா:
இரண்டாம் நாள் நான் சொன்னபடி நடந்திருக்கிறது. அதைக் கொண்டாடத்தான் எழுத வந்தேன்.

அந்தப் பெண்மணி நான் அல்ல. ஆனால் அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன், அதே சிரிப்போடு. சொல்லியும் இருக்கிறேன்.

மூவர்_அம்மா:
கால் எப்படி இருக்கிறது அவளுக்கு?

பாதிவழி:
வலது குதிகாலில் ஒரு கொப்புளம், ஆறிவிட்டது. இரவல் வண்டியை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. மகள் இப்போது அதில் கரடிப் பொம்மையை வைத்து வீட்டுக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறாள்.