காசிமேட்டுல கட்டம் போட்ட கல்யாணப் புடவை ஷூட்: பண்ணலாமா, கூடாதா?

தறியும்_தையலும்
எல்லாருக்கும் வணக்கம். சென்னையில ஸ்டைலிஸ்டா இருக்கேன், ஒரு சின்ன புடவைக் கடைக்கு ஆவணி முகூர்த்தத்துக்காக ப்ரைடல் ஷூட் பண்ணிக் குடுக்கணும். வழக்கமா எங்க எடுப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும், ஈசிஆர்ல ஒரு ரிசார்ட், இல்லன்னா செட்டிநாட்டுத் தூணு, உருளியில பூ மிதக்கும், பொண்ணு கீழ பாத்து சிரிக்கும், பத்து கடை போட்டோவ ஒண்ணா வச்சா எது எந்தக் கடைன்னு சொல்ல முடியாது. எனக்கு அது வேணாம். என் தீம் மெட்ராஸ் கட்டம், அதான் பல கலர்ல கட்டம் போட்ட பருத்தித் துணி. இந்த ஊர் பேரையே சுமந்துட்டு உலகம் பூரா போன துணி அது, ரியல் மெட்ராஸ் கைக்குட்டைன்னு மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் கப்பலா போச்சு, நைஜீரியால கலபாரி மக்கள் அத விசேஷத்துக்கு உடுத்துறாங்க. 1950-கள் கடைசியில அமெரிக்கால சாயம் போறதையே பெருமையா சொல்லி வித்தாங்க. இங்க நம்ம அத கைலின்னு மட்டும் பாத்துட்டு விட்டுட்டோம்.

அதனால காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துல விடியக்காலைல எடுக்கலாம்னு இருக்கேன், அப்புறம் ராயபுரம் ஸ்டேஷன் பழைய கட்டடம், 1856-ல தென்னிந்தியாவோட முதல் ரயில் கிளம்புன இடம் அது. பொண்ணுக்கு காஞ்சிபுரம் பட்டுல பாலும் பழமும்னு சொல்ற பழைய கட்டம், இன்னொரு லுக்குக்கு கூறைநாட்டு கூறைப் புடவை, மூணாவது பருத்தி மெட்ராஸ் கட்டத்துலயே கல்யாணப் புடவை, முகத்துக்கு முக்காடா மீன் வலை. மாடல் நல்ல கறுப்பு நிறம், மேக்கப்ல ஒரு ஷேடு கூட ஏத்த மாட்டேன். ஆடி மாசம் எடுக்குறதா பிளான். கருத்து சொல்லுங்க, திட்டுனாலும் பரவால்ல ஆனா காரணத்தோட திட்டுங்க.

ஜவுளி_நாலாம்_தலைமுறை
காரணத்தோடவே சொல்றேன்மா. கல்யாணப் புடவைக்கு பில் போடறது பொண்ணு இல்ல, பொண்ணோட அம்மா, பாட்டி, சில வீட்ல மாப்பிள்ளையோட அம்மா. நாங்க நாலு தலைமுறையா கவுண்டர்ல உக்காந்து பாத்தது இது. புடவைய விரிச்சதும் அவங்க முதல்ல பாக்குறது மங்களகரமா இருக்கான்னுதான். கறுப்பு நூல் ஒரு இழை தெரிஞ்சா கூட மடிச்சு வச்சிருவாங்க. அந்த அம்மா கையில நீங்க ஐஸ் பொட்டி, மீன் கூடை, வலை பின்னாடி தெரியுற போட்டோவ குடுத்தா புடவைய பாக்கவே மாட்டாங்க. வித்தியாசமா பண்ணணும்னா ஆர்ட் எக்ஸிபிஷனுக்கு பண்ணுங்க, கடைக்காரர் காசுல பண்ணாதீங்க, ஆவணி ஒரு மாசம் வியாபாரத்த நம்பித்தான் அவரு வருஷமே ஓடுது.

கடலோரம்_ராயபுரம்
நான் அந்த ஏரியாலயே பொறந்து வளந்தவன். எனக்கும் இது வேணாம்னுதான் தோணுது, ஆனா மேல அண்ணன் சொன்ன காரணத்துக்காக இல்ல. அவர் மீன் கூடைய அமங்கலம்னு சொல்றாரு, அத அப்புறம் பேசுறேன்.

ஸ்டைலிஸ்ட் அக்கா, வருஷா வருஷம் கேமரா தூக்கிட்டு யாராவது வந்துட்டேதான் இருக்காங்க. சினிமாக்காரன் வந்தா ரவுடி கதை, பேஷன்காரங்க வந்தா கலர் நல்லா இருக்கு டெக்ஸ்சர் நல்லா இருக்கு. ராத்திரி ரெண்டு மூணு மணிக்கே ஏலம் ஆரம்பிச்சிடும், லாஞ்சு, அதான் விசைப்படகு, ஒண்ணொண்ணா கரைக்கு வரும், கூடை தூக்குறவங்க ஓடிட்டே இருப்பாங்க, ஏலம் எடுக்க வர்ற பொம்பளைங்கல்லாம் தூக்கம் இல்லாம நிக்கிறவங்க. நடுவுல ஒருத்தர் வந்து அக்கா கொஞ்சம் தள்ளிக்கோங்க ஃப்ரேம்ல வர்றீங்கன்னு சொல்றத நான் கண்ணால பாத்திருக்கேன். அவங்க இடத்துலயே அவங்கள தள்ளி நிக்கச் சொல்றது எந்த ஊர் நியாயம்? அதுவும் ஆடியில, வேலை முழு வேகத்துல ஓடுற நேரத்துல. அப்புறம் அந்த வலை. எங்க வீட்ல வலைய மிதிக்க மாட்டோம், செருப்போட படகுல ஏற விடமாட்டோம். நீங்க அத முக்காடுன்னு தலையில போடறீங்க, ஷாட் முடிஞ்சதும் காலடியிலதான கிடக்கும்.

தறியும்_தையலும்
ஜவுளி சார், கட்டம் அமங்கலம்னு யாரு சொன்னா? கூறைப் புடவையே கட்டம்தான் சார், பட்டும் பருத்தியும் கலந்து மாயவரம் பக்கம் நெய்ஞ்சது, தாலி கட்டும்போது உடுத்தினது. நம்ம பாட்டிங்க பொட்டியத் தொறந்து பாருங்க, பாதிப் புடவை கட்டமாத்தான் இருக்கும். உடம்பு முழுக்க ஜரிகையா கொட்டுறதுதான் இப்ப வந்த பழக்கம். பழசத் திருப்பி கொண்டு வர்றேன், வாங்குற அம்மாவுக்கு அது புரியாதுன்னு நீங்க முடிவு பண்ணிட்டீங்க.

கடலோரம் தம்பி, நீங்க சொன்னது கனமான விஷயம். ஆனா ஒண்ணு கேக்குறேன். கல்யாணப் படம்னாலே அரண்மனையும் ரிசார்ட்டும்தான்னு எல்லாரும் எடுத்துட்டே இருந்தா, வடசென்னைல பொறந்த ஒரு பொண்ணு தன் தெருவ, தன் துறைமுகத்த ஒரு அழகான கல்யாணப் படத்துல எப்பதான் பாக்கும்? அங்க நாங்க கேமரா கொண்டு வரவே கூடாதுன்னா, ரவுடி கதை எடுக்குறவங்க மட்டும்தான் மிஞ்சுவாங்க. வலை விஷயம் நீங்க சொன்னப்பவே எடுத்துட்டேன், அது லுக்குல இல்ல.

கோர்வை_வீடு
காஞ்சிபுரம், தறி வச்சிருக்க குடும்பம். தீம் பத்தி நல்லது கெட்டது பேச வரல, துணியப் பத்தி பேசணும். அசல் ஜரிகைன்னா என்னன்னு யாராவது யோசிச்சீங்களா? செவப்பு பட்டு நூல் மேல தட்டையாக்கின வெள்ளிக் கம்பி சுத்தி அதுக்கு மேல தங்க முலாம். வெள்ளி உப்புக்காத்துக்கு கறுக்கும். மீன் ஐஸ் தண்ணி ஒரு சொட்டு பட்டுல பட்டா திட்டு விழும், டிரை வாஷ் குடுத்தாலும் அந்த வாடை மடிப்புக்குள்ள நிக்கும். பார்டரையும் உடலையும் தனித்தனி நாடாவுல (ஊடு நூல் ஓட்டுற தறிக் கருவி) கோர்த்து கோர்த்து நெய்யறதுதான் கோர்வை, ஒரு புடவைக்கு ரெண்டு மூணு வாரம் போகும், அத கொண்டு போய் ஈரத் தரையில முந்தானைய விரிச்சு விட்டு மேல இருந்து ஒரு போட்டோ எடுப்பாங்க, அப்புறம் அதே புடவை கடை ஷோகேஸ்ல புதுசுன்னு தொங்கும். நெய்ஞ்சவனுக்குத்தான் வயிறு எரியும்.

பட்டு எடுத்துட்டு போகாதீங்க. துறைமுகத்துக்கு பருத்திக் கட்டம் போதும், அந்த இடத்து துணியும் அதுதான். பட்டுப் புடவைய ஸ்டேஷன்ல வச்சுக்கோங்க. இன்னொண்ணு, பாலும் பழமும் கட்டம் புதுசா நெய்யணும்னா ஒரு பாவுல (தறியில நீளவாக்குல ஏத்துற நூல்) மூணு புடவை வரும், மூணையும் கடைக்காரர் எடுத்துப்பாரான்னு இப்பவே கேட்டு வைங்க, ஒண்ணு மட்டும் போதும்னு கடைசில சொன்னா மத்த ரெண்டும் நெய்ஞ்சவன் தலையில.

கண்மை
நான் மேக்கப் ஆர்ட்டிஸ்ட். ஆடின்னதும் எல்லாரும் ஏன் ஷூட் வைக்கிறாங்கன்னா அப்பதான் கல்யாணம் இல்ல, நாங்க ஃப்ரீ, மாடல் ஃப்ரீ, ஜடை பில்லை ஒட்டியாணம் வாடகை பாதிக்கு கிடைக்கும். இது காசுக் கணக்கு, கலை கிடையாது, அதனால மாத்தலாம்.

நிறம் பத்தி சொன்னீங்களே அக்கா, அதுக்கு என் ஓட்டு. நான் போற பாதி வீட்ல பொண்ணு உக்காந்ததும் அம்மா காதுல வந்து சொல்றது ரெண்டு ஷேடு ஏத்திடும்மா. கழுத்து ஒரு கலர் முகம் ஒரு கலர்னு சாம்பல் பூசுன மாதிரி நிக்கும் அந்தப் பொண்ணு, தன் கல்யாண ஆல்பத்துல தன் முகமே இருக்காது. 2017 கடைசில சென்னையில நரேஷ் நில்லும் பரத்வாஜ் சுந்தரும் 'டார்க் இஸ் டிவைன்'னு சாமிங்கள கறுப்பு நிறத்துல எடுத்தப்ப எவ்வளவு பேர் ஷேர் பண்ணாங்க, ஆனா அதுக்கப்புறமும் புடவைக் கடை போர்டுல ஒரு கறுப்புப் பொண்ணு வந்துச்சா சொல்லுங்க. இதுக்காகவே இந்த ஷூட் நடக்கணும். ஆனா ஷூட் முடிஞ்சப்புறம் கம்ப்யூட்டர்ல வெளுக்க விடக்கூடாது, எடிட்டர்கிட்ட எழுதி வாங்கிக்கோங்க, கடைக்காரர் கடைசி நேரத்துல கொஞ்சம் பிரைட் பண்ணுங்கன்னு கேட்டே தீருவாரு.

ஜவுளி_நாலாம்_தலைமுறை
கறுப்பு மாடலுக்கு நான் எதிர்ப்பு சொல்லலயே. இடம்தான் பிரச்சனை. கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவுற ஊர் இது, மீன் நாத்தத்தையும் மணப்பொண்ணையும் ஒரே படத்துல வச்சா மனசு ஒட்டாது, அது என் தப்பா, வர்ற கஸ்டமர் அப்படி.

கடலோரம்_ராயபுரம்
அண்ணா, உங்க வயசுக்கு மரியாதை குடுத்தே சொல்றேன். மீன் நாத்தம்னு யாரோட மூக்கு முடிவு பண்ணுது? எங்கம்மா கல்யாணம் அங்க பக்கத்து தெருவுலதான் நடந்துச்சு, அந்தக் காத்துலதான் தாலி ஏறுச்சு, யாருக்கும் மங்களம் குறையல. எங்க ஜனங்களும் பட்டுதான் எடுக்குறாங்க, உங்கள மாதிரி கடையிலதான் எடுக்குறாங்க, சீட்டு கட்டி காசு சேத்து ரொக்கமா குடுத்து எடுக்குறாங்க. அவங்க உங்க கஸ்டமர் லிஸ்ட்ல இல்லையா? நீங்க கஸ்டமர்னு சொல்லும்போது உங்க கண்ணு முன்னாடி எந்த வீட்டு அம்மா வந்து நிக்கிறாங்கன்னு கொஞ்சம் யோசிங்க, அதுல சாதி இருக்கு, இல்லன்னு சொல்லாதீங்க.

ஷூட் அக்காவுக்கு: ஆடிய விடுங்க. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடை, லாஞ்செல்லாம் கட்டிக் கெடக்கும். ஃபைபர் படகு மட்டும் போய் வரும், ஏலமும் கம்மிதான். அப்ப படகக் கரை ஏத்தி அடிச்சுத் தட்டி பெயின்ட் பண்ணுவாங்க, நீலம் பச்சை மஞ்சள்னு புதுசா இருக்கும், நீங்க கேட்ட கலர் அப்பதான் இருக்கு. யாரோட வேலையும் கெடாது. அதோட அந்த ரெண்டு மாசம்தான் வீட்ல காசு இருக்காது. ஃப்ரேம்ல நிக்கிறவங்களுக்கு மாடலுக்கு குடுக்குற மாதிரி நாள் கூலி பேசிட்டு நிக்க வைங்க, ஓரமா தெரியுறவங்களுக்கும் சேத்து. இத பண்ணலன்னா நான் இன்னும் எதிர்ப்புதான்.

நிழல்_அளவு
போட்டோகிராஃபர். சித்திரை சரி, ஆனா மே 4-க்கு முன்னாடி முடிச்சிடுங்க, அக்னி நட்சத்திரத்துல பருத்திக் கூட தாங்காது, எட்டு மணிக்கே மேக்கப் வழியும். அங்க சூரியன் கடல் பக்கம் ஏறும், பொண்ணு முகம் இருட்டாயிடும், கறுப்புத் தோலுக்கு வெள்ளி ரிஃப்ளெக்டர் வேணாம், திட்டுத் திட்டா பளபளக்கும், பெரிய வெள்ளைத் துணி பிடிச்சாலே போதும். எக்ஸ்போஷர முகத்துக்கு வைங்க, வானம் வெளுத்தா வெளுக்கட்டும்.

பர்மிஷன் விஷயத்துல விளையாடாதீங்க. துறைமுக நிர்வாகத்துகிட்ட எழுத்துல வாங்கணும், படகுக்காரங்க சங்கத்துலயும் போய் உக்காந்து பேசணும், ஸ்டேஷனுக்கு ரயில்வேல தனியா கட்டணம் கட்டி அனுமதி. ட்ரோன யோசிக்கவே வேணாம், துறைமுகம் பக்கத்துல பறக்க விட்டா கேமரா மட்டும் போகாது, நீங்களும் ஸ்டேஷனுக்குப் போவீங்க, போலீஸ் ஸ்டேஷனுக்கு.

கண்மை
சித்திரைல முகூர்த்தம் இருக்கே, ஆனா பெரும்பாலும் வளர்பிறைலதான் வைப்பாங்க. தேய்பிறைல ஒரு வார நாள் பாத்து சொல்லுங்க, நான் வர்றேன், அசிஸ்டன்ட்டும் சேத்து.

தறியும்_தையலும்
நல்லது. அப்ப இப்படி மாத்துறேன், தடை ஆரம்பிச்சப்புறம் ஏப்ரல் கடைசி வாரம், தேய்பிறை வார நாள். துறைமுகத்துல பருத்திக் கட்டம் மட்டும், பட்டும் கூறையும் ராயபுரம் ஸ்டேஷன்ல. ஆவணிக்கு இவ்வளவு முன்னாடி எடுக்கணும்னா பாவு மாசியிலயே தறி ஏறணும், கோர்வை வீடு, உங்களுக்குத் தனியா மெசேஜ் போடறேன், மூணு புடவைக்கும் முன்பணம் வாங்கிக் குடுக்காம பேச்ச ஆரம்பிக்க மாட்டேன். கூலி பத்தி கடைக்காரர்கிட்ட இன்னைக்கே பேசிட்டேன், ரிசார்ட் வாடகைக்குன்னு ஒதுக்கின காசு அப்படியே இருக்கு, அத கூலிக்கு மாத்தச் சொன்னேன், யோசிச்சு சொல்றேன்னாரு. ஒத்துக்கலன்னா துறைமுகம் கிடையாது, ஸ்டேஷன் மட்டும்.

ஜவுளி சார், உங்கள மாத்த முடியும்னு நான் நினைக்கல. ஆனா இந்த ஷூட் போர்டு ஒண்ணாவது வடசென்னைல, தண்டையார்பேட்டைல மாட்டச் சொல்லப் போறேன், தி.நகர்ல மட்டும் இல்ல.

ஜவுளி_நாலாம்_தலைமுறை
மாட்டுங்க. தண்டையார்பேட்டைல மாட்டுறது புத்திசாலித்தனம்தான், ஒத்துக்குறேன். ஆனா தி.நகர் போர்டுக்கு அந்த ஸ்டேஷன் படத்த மட்டும் வைங்கன்னுதான் கடைக்காரருக்கு நான் சொல்வேன், அவர் என்கிட்ட கேட்டா.

கடலோரம்_ராயபுரம்
பாத்தீங்களா, எங்க படம் எங்க ஏரியாக்கு மட்டும், ஸ்டேஷன் படம் தி.நகருக்கு. அக்கா, அங்கயும் துறைமுகப் படம் தொங்கணும்னு கடைக்காரர்கிட்ட எழுதி வாங்குங்க. அப்புறம் கூட நிக்கிறவங்க பேரும் போட்டோவுக்குக் கீழ வரணும், மாடல் பேரு மேக்கப் பேரு போடறீங்கல்ல, அதே சைஸ்ல, அவங்களுக்கு சம்மதம்னா. சங்கத்துல யார பாக்கணும்னு கேட்டு சொல்றேன், ஞாயித்துக்கிழமை வராதீங்க, கூட்டத்துல யாரும் பேச மாட்டாங்க, செவ்வாய் சாயங்காலம் வாங்க.