ஜன்னலுக்குக் கீழே வெள்ளைக் கறை

தருமபுரி அம்மா:
மகனுக்கு 15 வயது, தலசீமியா மேஜர்; உடம்பு போதிய ரத்தத்தை உண்டாக்காத பரம்பரை நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றுகிறோம்; அதோடு வரும் இரும்பு உடம்பிலேயே தேங்கும். தேங்கிய இரும்பைக் காட்டும் பெரிட்டின் 4,800 என்று வந்தபோது, காய்ச்சல் இருந்தாலும் அது ஏறுமே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இதயத்தில் இரும்பு சேர்ந்ததா என்று காட்டும் டி2 ஸ்டார் 24, அது தப்பித்தது. கல்லீரலில்தான் கிராமுக்கு 17 மில்லிகிராம் இரும்பு. "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறானா?" என்று டாக்டர் கேட்டதும் எனக்குக் கோபமே வந்துவிட்டது. தினமும் வெறும் வயிற்றில் அவனே, இரும்பை வெளியேற்றும் டெஃபராசிராக்ஸ் மாத்திரையைக் கரைத்துக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவப் போடுகிறானே!

பொங்கலுக்கு வெள்ளையடிக்கலாம் என்று கொல்லைப்பக்கம் போனேன். அவன் அறை ஜன்னலிலிருந்து தரை வரைக்கும் சுவரில் வெள்ளைக் கறை. காக்கா எச்சம் என்று தேங்காய் நாரால் தேய்த்தால் மாவு மாவாக உதிர்கிறது. கீழே இருந்த செம்பருத்தி இலையெல்லாம் சுண்ணாம்பு பூசின மாதிரி. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். "சாக்பீஸ் தண்ணிம்மா அது" என்றான். வேறொன்றும் பேசவில்லை.

பழைய பம்ப்:
அக்கா, பையனை அடித்துவிடாதீர்கள். எனக்கு 36 வயது. எங்கள் காலத்தில் இரும்பை வெளியேற்ற டெஸ்பெரால் மருந்தை ஏற்றும் பம்ப்தான். வயிற்றில் ஊசி குத்தி, வாரத்துக்கு ஐந்து ராத்திரி, பத்து மணி நேரம் ஓடும். குத்தின இடமெல்லாம் கட்டி கட்டியாக இருக்கும். 17 வயதில் ஊசியைப் பிடுங்கி, மருந்தைத் துண்டில் ஓடவிட்டேன். காலையில் காலி சிரிஞ்சைப் பார்த்துவிட்டு அப்பா முதுகில் தட்டிக்கொடுத்தார். இப்போது அப்பா இல்லை. அந்தத் தட்டு மட்டும் இன்னும் முதுகில் இருக்கிறது.

ஃபைப்ரோஸ்கேன் என்ற கல்லீரல் ஸ்கேனில் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறுவது, ஆரம்பம் என்கிறார்கள். எல்லாவற்றையும் இரும்பின் தலையில் போடவும் முடியாது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸுக்குப் பரிசோதனை கட்டாயமாவதற்கு முன்பு ஏற்றிய ரத்தத்தில் அதுவும் வந்து சேர்ந்தது. இரண்டும் சேர்ந்தால் கல்லீரல் சீக்கிரம் தழும்பேறும். மகனுக்கும் ஹெபடைடிஸ் சி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சேலம் மாமா:
எல்லாரும் மருந்தையே பேசுகிறீர்கள், சாப்பாட்டை யார் பார்ப்பது? முருங்கைக்கீரை, ஈரல், பேரீச்சம்பழம், வெல்லம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இரும்புச் சட்டியில் தோசை வார்க்காதீர்கள். சாப்பாட்டோடு கட்டங்காப்பியோ டீயோ கொடுங்கள், இரும்பு உடம்பில் ஒட்டாது. வைட்டமின் சி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். காலையில் நடைப்பயிற்சி, ராத்திரி பத்துக்குள் தூக்கம். பையனிடம் நான் வேண்டுமானாலும் பேசுகிறேன்.

என் தங்கைக்கு இன்டர்மீடியா, தலசீமியாவிலேயே மேஜரைவிடக் கடுமை குறைந்த வகை. ரத்தம் ஏற்றியதே நாலைந்து தடவைதான். ரத்தசோகை என்று ஆறு வருடம் இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரைப் பெட்டியில் கிழமைவாரியாகப் போட்டுக் கொடுத்ததே நான்தான்.

லேப் தம்பி:
மாமா, தங்கச்சி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. இன்டர்மீடியாவில் ரத்தம் ஏற்றாவிட்டாலும் குடல் இரும்பை இழுத்துக்கொண்டே இருக்கும், அங்கே டீ உதவும். மேஜரில் கணக்கே வேறு. ஒரு யூனிட்டில் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு, உடம்பு தானாக வெளியேற்றுவது நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம். கீரையை நிறுத்தி என்ன ஆகப்போகிறது? பிள்ளை சாப்பிடுகிற நாலு வாயையும் பிடுங்காதீர்கள். அக்கா, கரைக்காமல் அப்படியே விழுங்கும் வகை வந்திருக்கிறது. டோஸ் வேறு, டாக்டர்தான் மாற்றித் தரவேண்டும். சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின், கல்லீரலுக்கு எஸ்.ஜி.பி.டி. இரண்டையும் மாதாமாதம் விடாமல் பாருங்கள்.

தருமபுரி அம்மா:
அடிக்கவில்லை, பம்ப் தம்பி. உங்கள் துண்டு கதையை அவனிடம் வாசித்துக் காட்டினேன். "அந்த அண்ணா அவங்க அப்பாகிட்ட கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையா?" என்று கேட்கிறான். என்ன சொல்லட்டும்? விழுங்கும் மாத்திரை பற்றி வியாழக்கிழமை ரத்தம் ஏற்றப் போகும்போது கேட்கிறேன். சுவருக்கு இன்னும் வெள்ளையடிக்கவில்லை.