பார்த்த படங்களின் பட்டியலை இறக்கினேன்: தமிழும் தேதியும் குழம்பிக் கிடக்கின்றன, உதவுங்கள்

கெடிலக்கரை:
வணக்கம். இருப்பது கடலூர், வேலை பாண்டியில். பார்க்கிற படம், சீரியல், வெப் சீரிஸ் எல்லாவற்றையும் ஒரு மொபைல் ஆப்பில் குறித்து வருகிறேன். எந்த தியேட்டர், யாரோடு போனேன், பத்துக்கு எத்தனை மார்க் என்பது வரை அதில் இருக்கும். இப்போது அந்த ஆப்பை மூடப்போகிறார்களாம். பட்டியலை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) இறக்கிக்கொள்ளலாம் என்றார்கள், இறக்கினேன்.

லேப்டாப்பில் டபுள் கிளிக் செய்து திறந்தால் தமிழில் எழுதிய குறிப்பு ஒன்றைக்கூடப் படிக்க முடியவில்லை. தேதியும் கோளாறு. 2021 தீபாவளியன்று பாண்டி ரத்னா தியேட்டரில் பார்த்த படத்துக்கு ஏப்ரல் 11 என்று காட்டுகிறது. ஏப்ரலில் அந்தப் படம் ரிலீஸே ஆகவில்லை! சில தேதிகள் கட்டத்தின் இடது ஓரத்திலும் சில வலது ஓரத்திலும் நிற்கின்றன. இதைச் சரிசெய்து, பார்த்த படங்களைக் குறித்து வைக்கும் லெட்டர்பாக்ஸ்ட் தளத்தில் ஏற்ற முடியுமா?

முத்தியால்பேட்டை:
முதலில் அந்தக் கோப்பை மூடுங்கள். சேவ் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிறகு சொல்லுங்கள், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் என்ன தெரிகிறது? வெறும் கேள்விக்குறிகளா, அல்லது தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ-யும் வட்டத்துக்குள் ஆர் குறியும் மாறி மாறி வருகிறதா?

கெடிலக்கரை:
இரண்டாவதுதான். வட்டத்துக்குள் ஆர் வரி முழுக்க நிற்கிறது. அலையான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மையத்தில் பார்த்த பிரெஞ்சுப் படங்களின் பெயரிலும் நடுநடுவே ஏதோ புகுந்திருக்கிறது.

முத்தியால்பேட்டை:
அப்படியென்றால் பயமில்லை, கோப்பு பத்திரமாக இருக்கிறது. அது யுடிஎஃப்-8 கோப்பு, அதாவது எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கும் யூனிகோட் முறை. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கும், பிரெஞ்சின் கோடு போட்ட எழுத்து இரண்டு பைட் எடுக்கும். டபுள் கிளிக் செய்தால் எக்ஸெல் இதைக் கவனிக்காமல் பைட்டுக்கு ஓர் எழுத்து என்று படித்துவிடுகிறது. கேள்விக்குறி வந்திருந்தால்தான் கவலை. தவறான வடிவத்தில் சேமித்து எழுத்து அழிந்துபோனதற்கு அது அடையாளம், அங்கிருந்து மீட்க முடியாது.

காலி எக்ஸெல் தாளைத் திறந்து, டேட்டா மெனுவில் ஃபிரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி வழியாகக் கோப்பைக் கொண்டுவாருங்கள். ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001 யூனிகோட் யுடிஎஃப்-8 தேர்ந்தெடுத்தால் முன்னோட்டத்திலேயே தமிழ் தெரிந்துவிடும். உடனே லோட் கொடுக்காதீர்கள், டிரான்ஸ்ஃபார்ம் டேட்டாவுக்குள் போங்கள், தேதிக்கு அங்கேதான் வேலை.

உங்கள் ஆப் அமெரிக்க முறையில் மாதத்தை முன்னால் எழுதியிருக்கிறது. 2021 தீபாவளி நவம்பர் 4. கோப்பில் 11/4/2021 என்று இருக்கும். இந்தியத் தேதி அமைப்பில் ஓடும் கணினி அதை ஏப்ரல் 11 என்று புரிந்துகொண்டது. அதே கணினி 1/15/2020 என்ற பொங்கல் நாளைப் பார்த்ததும் 15ஆவது மாதம் கிடையாது என்று வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. இடது ஓரத்தில் நிற்பவை இந்த ரகம். ஆக, தவறாகத் தெரிகிறவற்றைவிட சரிபோல வலது ஓரத்தில் நிற்பவைதான் ஆபத்து. ஒவ்வொன்றாகக் கையால் திருத்தப் போகாதீர்கள்.

தேதி நெடுவரிசையின் தலைப்பில் ரைட் கிளிக், சேஞ்ச் டைப், யூசிங் லோகேல். வகை டேட், மொழி இங்கிலீஷ் யுனைடெட் ஸ்டேட்ஸ். ஏற்கனவே உள்ள படியை மாற்றவா என்று கேட்டால் ரீப்ளேஸ் கரண்ட் கொடுங்கள். இப்போது எல்லாத் தேதியும் ஒரே பக்கம் வந்து நிற்கும்.

ஓ.டி. பழசு:
எக்ஸெல்லோடு எதற்கு இவ்வளவு மல்லுக்கட்டு? கூகுள் ஷீட்ஸில் இம்போர்ட் செய்தால் தமிழ் தானாக வந்துவிடும். எழுத்தை எண்ணாகவும் தேதியாகவும் மாற்றவா என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிட்டால் தேதி கோப்பில் இருந்தபடியே நிற்கும்.

முத்தியால்பேட்டை:
சரிதான் அண்ணே. ஆனால் லெட்டர்பாக்ஸ்ட் கேட்பது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை, நடுவில் சிறு கோடு. எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும். இன்னொன்று, எக்ஸெல்லில் தேதிக்கு கஸ்டம் ஃபார்மட்டில் அந்த வரிசையைக் கொடுத்து, சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்று சேமித்த பிறகு, சரியாக இருக்கிறதா பார்ப்போம் என்று மறுபடி டபுள் கிளிக் செய்து சேவ் செய்தால் தேதி பழையபடி இந்திய முறைக்குத் திரும்பிவிடும். பார்க்க ஆசையென்றால் நோட்பேடில் திறந்து பாருங்கள்.

கெடிலக்கரை:
தமிழ் வந்துவிட்டது, தீபாவளி நவம்பருக்குப் போய்விட்டது! மிக்க நன்றி. அப்புறம், நூறு வரியை மட்டும் சோதனையாக ஏற்றினேன். 2022இல் பார்த்த 'விக்ரம்' 1986 படத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. என் கோப்பில் ஆண்டு என்ற நெடுவரிசையே இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியிலும் இரண்டு டி எழுத்தும் பின்னால் நீளமான எண்ணும் இருக்கிறது. அது என்ன?

முத்தியால்பேட்டை:
அதுதான் சார் புதையல். அது ஐஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளத்தின் அடையாள எண், படத்துக்குப் படம் வேறு. அந்த நெடுவரிசைக்கு லெட்டர்பாக்ஸ்ட் உதவிப் பக்கத்தில் இருக்கும் தலைப்பை எழுத்து மாறாமல் வையுங்கள். அது இருந்தால் பெயர் எப்படி இருந்தாலும் சரியான படம் வரும். நம் படங்களுக்கு இது இல்லாமல் முடியாது. 'பில்லா' 1980, 2007 என்று இரண்டு, 'பொல்லாதவன்' படமும் அதே இரண்டு ஆண்டுகளில் இரண்டு. பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்துக்கு ஆளுக்கு ஒரு எழுத்துப் போடுவது வேறு தொல்லை.

தெலுங்கு, தமிழ் இரண்டிலும் வந்த படங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். 'விண்ணைத்தாண்டி வருவாயா'வும் அதன் தெலுங்கு வடிவமும் 2010 பிப்ரவரி 26 அன்று ஒன்றாக வெளியானவை, ஆனால் நடிகர்கள் வேறு, பதிவும் தனித்தனி. தமிழ் டப்பிங்கில் பார்த்ததற்குத் தனிப் பதிவு இருக்காது, மூலப்படத்தில் குறித்துவிட்டு டேகில் தமிழ் என்று போடுங்கள்.

கெடிலக்கரை:
சீரியல்களை என்ன செய்வது? நிறைய வரிகள் ஏறவில்லை.

வில்லியனூர் அக்கா:
தம்பி, லெட்டர்பாக்ஸ்ட் படத்துக்கான இடம். சில குறுந்தொடர்கள் இருக்கும், அதை நம்பி உட்காராதீர்கள். தொடர்களைப் பிரித்துத் தனித் தாளில் வையுங்கள், தளம் வேண்டுமென்றால் டிராக்ட் இருக்கிறது, எபிசோடு வரை குறிக்கலாம்.

என்னைக் கேட்டால் எபிசோடுக்கு ஒரு டிக் என்பதெல்லாம் வெப் சீரிஸுக்குத்தான் சரி. அம்மா பார்த்த சீரியல்களை நான் குறித்து வைக்கிறேன். 'கோலங்கள்' 2003இல் தொடங்கி 2009 வரை 1,500 எபிசோடுக்கு மேல் ஓடியது, அதற்கெல்லாம் யார் டிக் அடிப்பது? தொடருக்கு ஒரே வரி. தொடங்கிய மாதம், விட்ட மாதம், எந்த இடத்தில் விட்டோம், ஏன் விட்டோம். கடைசி இரண்டும்தான் பிறகு படிக்கச் சுவையாக இருக்கும்.

நெட்ஃப்ளிக்ஸில் பார்த்ததைக் கணக்குப் பக்கத்திலிருந்து கோப்பாக இறக்கலாம். தொடர் பெயர், சீசன், எபிசோடு மூன்றும் முக்காற்புள்ளி போட்டு ஒரே கட்டத்தில் வரும், அதை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். ஒரே புரொஃபைலில் வீடே பார்த்தால் எல்லாம் உங்கள் கணக்கில் ஏறியிருக்கும், அதை மட்டும் களைந்துவிடுங்கள்.

கெடிலக்கரை:
நன்றி அக்கா. கடைசியாக ஒன்று. ஆப்புக்கு முந்தைய காலத்துப் படங்கள் ஒரு நோட்டில் இருக்கின்றன. பெயரும் தியேட்டரும் மட்டும், தேதி கிடையாது. அந்தந்த ஆண்டின் ஜனவரி 1 என்று போடலாமா?

ஓ.டி. பழசு:
வேண்டவே வேண்டாம். நாலு வருஷம் கழித்துப் பார்த்தால் புத்தாண்டு அன்று பதினைந்து படம் பார்த்ததாக இருக்கும், எது நிஜம் எது இட்டுக்கட்டியது என்று உங்களுக்கே தெரியாது. தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டால் பார்த்த படமாக ஏறும், நாட்குறிப்பில் வராது. அதுதான் உண்மையும்கூட.

தெரிந்த அளவைக் குறிப்பில் எழுதுங்கள். நமக்குப் புயலே நாட்காட்டி. தானே புயல் கரை கடந்தது 2011 டிசம்பர் 30 காலை. அதற்கு ஒரு வாரம் முன் கிருஷ்ணாலயா தியேட்டரில் பார்த்தது என்று நினைவிருந்தால் 2011 டிசம்பர் என்று எழுதலாம், நாள் வேண்டாம். 2015 வெள்ளமும் அப்படியே. ரிலீஸ் தேதியை நம்பாதீர்கள், பழைய படங்கள் நம் ஊரில் எத்தனை முறை திரும்ப ஓடின! ஆன்லைனில் டிக்கெட் எடுத்திருந்தால் பழைய மெயிலில் தேடுங்கள், காட்சி நேரம் வரை கிடைக்கும்.

கெடிலக்கரை:
மெயிலில் தேடினேன், கொஞ்சம் கிடைத்தது. நோட்டில் தமிழில்தான் பெயர் இருக்கிறது, ஐஎம்டிபி எண்ணுக்கு எப்படித் தேட?

முத்தியால்பேட்டை:
டிஎம்டிபி என்று இன்னொரு படத் தகவல் தளம் இருக்கிறது, அதில் தமிழிலேயே தட்டுங்கள், பல படங்களுக்கு மூலப் பெயர் தமிழ் எழுத்தில் இருக்கும். லெட்டர்பாக்ஸ்ட் படத் தகவல்களை எடுப்பதும் அங்கிருந்துதான், அதனால் அதன் எண்ணையே தரலாம். படத்தின் எண்ணா என்று மட்டும் பாருங்கள், டிஎம்டிபியில் படத்துக்கும் தொடருக்கும் தனித்தனி வரிசை, ஒரே எண் இரண்டிலும் வரும். ஒரு படம் அங்கே இல்லவே இல்லையென்றால் கணக்கு தொடங்கி நீங்களே சேர்க்கலாம்.

கெடிலக்கரை:
இப்போது முழுக் கோப்பையும் ஏற்றப் பார்த்தால் பெரியது என்கிறது.

முத்தியால்பேட்டை:
ஒரு முறைக்கு 1 எம்பிதான். தமிழ்க் குறிப்புகள் நிறைய இருப்பதால் வீங்கியிருக்கும். இரண்டாக வெட்டுங்கள், தலைப்பு வரி இரண்டிலும் முதல் வரியாக இருக்கட்டும். மூலக் கோப்பைத் தொடாமல் தனியாக ஒரு பிரதி வைத்துக்கொண்டு வெட்டுங்கள்.