‘மாத வருமானம்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

ராயபுரத்திலிருந்து ஓர் ஆசிரியை:

பதினோராம் வகுப்பு வணிகவியல் மாணவர்களுக்குச் சொந்த வரவு செலவுத் திட்டம் போடக் கற்றுக்கொடுக்கப் போய், முதல் நாளே தோற்று வந்தவள் நான். வருமானத்தில் 50 விழுக்காடு தேவைக்கு, 30 விருப்பத்துக்கு, 20 சேமிப்புக்கு என்று பலரும் சொல்லும் கணக்கைக் கரும்பலகையில் எழுதி, முதல் கட்டத்துக்கு ‘மாத வருமானம்’ என்று தலைப்பிட்டு, நிரப்பச் சொன்னேன். காசிமேடு மீன்பிடித் துறைமுகப் பகுதியிலிருந்து வரும் ஒரு மாணவி அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தாள். ஏனென்று கேட்டதற்கு, “எங்க அப்பாவுக்கு மாசக் கணக்கே கிடையாது மிஸ், படகு கரைக்கு வந்தாத்தான் துட்டு” என்றாள்.

விசைப்படகில் தொழிலாளியாகச் செல்பவருக்குச் சம்பளம் கிடையாது. மீன் ஏலம் போய், டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவெல்லாம் கழிந்த பின் மிஞ்சுவதில் ஒரு பங்குதான் அவருக்கு. அந்தப் பங்கு கைநிறைய வரும் நாளும் உண்டு, டீசல் செலவுக்கே கட்டாத நாளும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அதுவும் நின்றுவிடும். பள்ளிக்குக் கூப்பிடு தூரத்தில் துறைமுகத்தை வைத்துக்கொண்டு, மாதச் சம்பளக்காரர் வீட்டுக் கணக்கை நான் பாடமாக நடத்தியிருக்கிறேன்.

அடுத்த வாரம் கட்டங்களை அழித்துவிட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டில் இரண்டு வாரத்துக்குத் தம் கையில் வந்ததையும் போனதையும் மட்டும் எழுதி வரச் சொன்னேன். நாள், வந்தது, போனது, யாருக்காக என்று நான்கே பத்திகள். வீட்டு வருமானத்தைக் கேட்பதை அறவே நிறுத்திவிட்டேன். முன்பு ஒருமுறை கேட்டபோது, ஒரு மாணவன் கூச்சத்தால் இல்லாத தொகையை எழுதிக் கொடுத்ததும், அதை நான் வகுப்பில் உரக்கப் படித்ததும் இன்றும் உறுத்துகிறது. ‘யாருக்காக’ என்ற பத்தியை நான் அதிகம் யோசிக்காமல்தான் சேர்த்தேன். பஜ்ஜியும் ரீசார்ஜும்தான் நிறைந்திருக்கும் என்று எதிர்பார்த்த எனக்கு, ‘தம்பி டியூஷனுக்கு’, ‘ஆயா மாத்திரைக்கு’ என்ற வரிகள் பல நோட்டுகளில் கிடைத்தன. இந்தப் பிள்ளைகளிடம் ஊதாரித்தனத்தைக் கண்டித்து உரையாற்ற இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

பிறகு கற்பனையாக ஒரு மீனவர் குடும்பத்தை எடுத்துக்கொண்டு தடைக்காலத்துக்குத் திட்டம் போட்டோம். அரசு நிவாரணம் 8,000 ரூபாய். அதை 61 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 131 ரூபாய். மற்ற மாதங்களில் 20 முறை கடலுக்குப் போய் வருவதாக வைத்து, ஒவ்வொரு பங்கிலிருந்தும் 500 ரூபாய் ஒதுக்கினால் 10,000 சேரும். நிவாரணத்தோடு சேர்த்தால் அப்போது நாளொன்றுக்கு 295 ரூபாய். பங்கு மோசமான நடையில் 500 எப்படி ஒதுக்குவது என்ற கேள்வி உடனே எழுந்தது. நல்ல நடையில் 800, மோசமான நடையில் ஒன்றுமில்லை என்று அவர்களே மாற்றினார்கள். கட்டத்தை வெறுமையாக விட்ட அதே மாணவி, தடைக்காலத்தில் தன் அம்மா கருவாடு விற்பதை வரவுப் பக்கம் சேர்க்கவேண்டும் என்றாள். நான் அதை மறந்தே போயிருந்தேன்.

வியாசர்பாடியிலிருந்து, மாலை வகுப்பு நடத்துபவர்:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். எங்கள் மாணவர்களின் வீடுகளில் கடலுக்குப் பதிலாகத் தண்டல், அதாவது வட்டியை முன்பே பிடித்துக்கொண்டு நாள்தோறும் தவணை வாங்கும் கடன். 10,000 ரூபாய்த் தண்டல் என்றால் கையில் வருவது 8,500. நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்டவேண்டும். “வட்டி 1,500தானே சார், பதினஞ்சு பர்சென்ட்” என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. ஐம்பதாம் நாளிலேயே ஏறத்தாழ பாதிக் கடன் அடைந்துவிடுவதால், நூறு நாளையும் சேர்த்துப் பார்த்தால் உண்மையில் நம் கையில் இருப்பது சராசரியாக 4,250 ரூபாய் அளவுதான் என்பதைப் பலகையில் கோடு போட்டு விளக்கினேன். அதற்கு 1,500 வட்டி என்றால் நூறு நாளுக்கே 35 விழுக்காடு, ஆண்டுக்கு 125-ஐயும் தாண்டும்.

இந்தக் கணக்கோடு பாடம் முடிந்தது என்று நினைத்தபோது ஒரு பையன் கேட்டான்: “சரி சார், நாளைக்குக் காலையில எங்க அம்மாவுக்கு 8,500 எந்த பேங்க்ல குடுப்பாங்க?” மகளிர் சுயஉதவிக் குழுவைப் பற்றிச் சொன்னேன், ஆனால் அங்கேயும் நாளைக்குக் காலையிலேயே கிடைக்காது என்பது அவனுக்கும் தெரியும். அன்று முதல் தண்டலைப் பழிப்பதை விட்டுவிட்டு, அந்த 100 ரூபாயைச் செலவுப் பக்கத்தின் முதல் வரியாக எழுதவும், கடைசித் தவணை எந்தத் தேதியில் முடிகிறது என்று குறிக்கவும் கற்றுத்தருகிறேன். தவணை முடிந்த மறுநாளிலிருந்து அதே 100 ரூபாயை உண்டியலில் போட்ட வீடு ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி:

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று எங்கள் வடசென்னையில் உள்ள பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்ததால் எனக்கும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஆகவே ‘மாத வருமானம்’ என்ற கட்டத்தை எங்கள் வீட்டில் நிரப்பக்கூடியவள் நான் ஒருத்திதான். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் போக்குவரத்துக்கு ஒன்றும் எழுதவேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். நோட்டு எழுதத் தொடங்கிய பிறகே, பேருந்தைத் தவறவிட்ட நாட்களில் ஷேர் ஆட்டோவுக்கு மட்டும் ஒரே மாதத்தில் 240 ரூபாய் போயிருப்பது தெரிந்தது. இப்போது தேர்வுக் கட்டணத்துக்கு மாதம் 300 தனியே எடுத்து வைக்கிறேன். அம்மா கேட்டால் அதிலிருந்தும் கொடுத்துவிடுகிறேன். அதை ‘வீட்டுச் செலவு’ என்று எழுதுவதா, ‘அம்மாவுக்குக் கடன்’ என்று எழுதுவதா என்பதில் மட்டும் எனக்கும் அவருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.