டெக்கென் 3 முதல் 8 வரை: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு ஆட்டம்

(டெக்கென் என்பது இருவர் எதிரெதிரே மோதும் சண்டை வீடியோ கேம் வரிசை; 3, 4, 5 என்று வருவதெல்லாம் அதன் பாகங்கள். மறக்க முடியாத ஒரு ஆட்டத்தைப் பற்றி மும்பைக்காரர்கள் அவரவர் ஏரியா பெயரில் எழுதியவை இவை.)

கோலிவாடா:

2001 மே மாதம். சயான் கோலிவாடாவில் எங்கள் பில்டிங்குக்குப் பின்னால் ஒரு கேம் பார்லர் இருந்தது. நாலு டிவி, அரை மணிக்கு 10 ரூபாய், ஜெயித்தவன் உட்கார்ந்தே இருக்கலாம், தோற்றவன் எழுந்து ரிமோட்டைக் கொடுத்துவிட வேண்டும். டெக்கென் 3 தவிர வேறு சிடி போட்டால் சண்டை வரும். நான் எடுப்பது ஹ்வோராங், உதைத்தே ஆடும் ஆள். அன்று வரிசையாக 11 பேரை எழுப்பி அனுப்பிவிட்டேன். அடுத்து வந்தவன் இஸ்திரிக்காரர் மகன், ஏழெட்டு வயது இருக்கலாம், பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தொங்கும். எடியை எடுத்தான், தரையில் படுத்துச் சுழன்று உதைக்கும் ஆள். எக்ஸ், வட்டம், இந்த இரண்டு உதை பட்டனைத் தவிர எந்தப் பட்டனையும் தொடவில்லை. இரண்டு ரவுண்டும் போய்விட்டது. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் “சும்மா பட்டனைக் குத்துறான்” என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

ஆனால் எழுந்திருக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். அவன் கண் டிவியில் இல்லை, என் கட்டைவிரலில் இருந்தது. ஆட்டம் முழுக்க அப்படித்தான் பார்த்திருக்கிறான். நான் உதைக்கப் பட்டனை அழுத்தியதும் அவன் எடியைக் கீழே படுக்க வைத்தான், என் உதை மேலே காற்றில் போனது. அதைப் பட்டன் குத்துவது என்று எப்படிச் சொல்வது?

2024 ஜனவரியில் 8 வந்தது, ஏப்ரலில் அதில் எடியும் வந்தான், வாங்கினேன். எடியைத் தோற்கடிக்கக் கற்றுக்கொண்டேன். ஆனால் எதிரே யார் கை என்று தெரியாத ஆன்லைனில் எத்தனை முறை ஜெயித்தாலும் அந்த ஆட்டத்துக்குப் பதில் சொன்ன மாதிரி இல்லை. என்னைக் கேட்டால் 3தான் இந்த வரிசையிலேயே உச்சம்.

செம்பூர் கேம்ப்:

பாய், கதை நன்றாக இருக்கிறது, முடிவை ஒத்துக்கொள்ள மாட்டேன். 3இல் மைதானத்துக்கு முடிவே கிடையாது, அடி தாங்கவில்லையா, பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம். 4இல்தான் முதல்முறையாகச் சுவர் வந்தது, ஆளைப் பிடித்துத் திருப்பி இடம் மாற்றுவதும் வந்தது. அதை எல்லோரும் திட்டினார்கள், தரை மேடும் பள்ளமுமாக இருக்கிறது, ஜின் என்ற ஒரு ஆளே மற்ற எல்லோரையும் அடிக்கிறான் என்று. ஜின் விஷயம் உண்மைதான். தரையையும் 5இல் திரும்பச் சமமாக்கிவிட்டார்கள். சுவர் மட்டும் நிலைத்துவிட்டது.

எனக்கு மறக்காதது 2003 தீபாவளி. லாமிங்டன் ரோட்டில் நகல் டிஸ்க்கும் ஓடும்படி சிப் போட்டு வாங்கிய பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2), அதில் 4, எதிரில் என் அத்தை மகன். அவன் ஸ்டீவ் ஃபாக்ஸ், உதையே இல்லாத ஆள், உதை பட்டன் எல்லாம் அவனுக்கு வளைந்து நெளிந்து தப்பிக்கத்தான். கார் நிறுத்தும் இடம் இருக்கிறதே, அந்த மைதானம். என்னை மூலையில் தள்ளிவிட்டான். பின்னால் போகும் பட்டனை அழுத்துகிறேன் அழுத்துகிறேன், போக இடமில்லை. கடைசிக் குத்துக்கு முன்னால் அவன் கையை எடுத்துவிட்டு, “மாமா பையா, பக்கவாட்டில போடா” என்று சொன்னான். சொல்லிவிட்டுக் காத்திருந்தான். நான் போகவில்லை, கை வரவில்லை. அடுத்த வருடம் அவன் துபாய் போய்விட்டான், அப்புறம் சேர்ந்து விளையாட வாய்ப்பே வரவில்லை. மூலையில் மாட்டினால் பக்கவாட்டில் நகர வேண்டும் என்பதை நான் 7 ஆடும்போதுதான் கையில் பழக்கினேன்.

அந்தேரி:

இரண்டு பேருக்கும் ஒரே பிரச்சினைதான், தற்காப்பு. என் கதை சின்னது: 2018இல் ஒரு போட்டியில் 7 ஆடி முதல் சுற்றிலேயே வெளியே வந்தேன், எதிரே ஆடிய பையன் கிங் என்ற மல்யுத்த ஆளை வைத்து என்னை ஆறு முறை தொடர்ந்து பிடித்துத் தூக்கிப் போட்டான். ஏழாவது முறையும் வரும் என்று தெரிந்தது, ஆனாலும் கை அசையவில்லை. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு நொடிக்கு 60 பிரேம், அதாவது திரையில் 60 படம். பெரும்பாலும் எல்லா ஆட்களுடைய இடது குத்தும் 10 பிரேமில் வந்துவிடும். எதிராளியின் அடியை நீங்கள் தடுத்த பிறகு அவன் 10 பிரேம் அல்லது அதற்கு மேல் தாமதமாகத்தான் சுதாரிப்பான் என்றால், அந்தக் குத்து அவனுக்கு நிச்சயம் விழும், அவன் தடுக்கவே முடியாது. எடியின் உதைகளில் பலவற்றுக்கு இந்தத் தாமதம் உண்டு, குறிப்பாகக் கீழே சுழற்றி அடிப்பதைக் குனிந்து தடுத்துவிட்டால் பெரிய காம்போவே, அதாவது தொடர் அடியே போடலாம். அவன் படுத்திருக்கும்போது தலைக்கு அடிக்கும் எதுவும் படாது, நடுவிலோ கீழேயோ அடிக்க வேண்டும். கோலிவாடா பாய், உங்கள் ஹ்வோராங் அன்று செய்தது அந்தத் தப்பைத்தான். 8இல் இன்னொரு வசதி இருக்கிறது, நீங்கள் தோற்ற ஆட்டத்தின் பதிவைப் போட்டு, நடுவில் நிறுத்தி, அந்த இடத்திலிருந்து நீங்களே உங்கள் ஆளை இயக்கலாம். அடி வாங்கிய அதே நொடியைத் திரும்பத் திரும்ப ஆடிப் பாருங்கள். தினம் 20 நிமிடம், ஒரே ஆள், ஒரே அடி. 8இல் கொஞ்ச நேரத்துக்கு ஆளின் வலு கூடும் ஹீட் என்ற நிலையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், ஒரு ரவுண்டுக்கு ஒரு முறை, சில நொடி, அதில் எதிராளி தடுத்தாலும் கொஞ்சம் உயிர் குறையும், அவ்வளவுதான். முதலில் தடுக்கப் பழகுங்கள். நாம் பார்லரில் வளர்ந்தவர்கள், அடிக்க மட்டும்தான் யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். லாகூரின் அர்ஸலான் ஆஷ் 2019இல் ஜப்பான் ஈவோ, லாஸ் வேகஸ் ஈவோ என்ற பெரிய சண்டை கேம் போட்டிகள் இரண்டையும் வென்றபோது அவர் ஆட்டத்தைப் பாருங்கள், அவ்வளவு பொறுமையாகத் தடுத்துக் காத்திருப்பார்.

காட்கோபர்:

அந்தேரி அண்ணா, கோலிவாடா அண்ணா எடியை எப்படி அடிப்பது என்று கேட்கவே இல்லையே. அந்தப் பையன் கையைப் பார்த்ததைத்தான் சொல்கிறார்.

எனக்கு 5தான். 2005இல் வந்தது, அந்த டிஸ்க்கிலேயே 1, 2, 3 மூன்றின் ஆர்கேட் (காசு போட்டு ஆடும் இயந்திர) பதிப்பும் இருந்தது, அதனால் எது நல்லது என்று எங்கள் வீட்டில் சண்டையே இல்லை, எல்லாம் ஒரே டிஸ்க். எங்கள் அண்ணா எடுப்பது பால், நான் அசுகா. இருவராலும் கடைசியில் வரும் பெரிய வில்லன் ஜின்பாச்சியைத் தாண்ட முடியவில்லை. ஆடியவர்களுக்குத் தெரியும், தூரத்தில் நின்றுகொண்டே நம்மை அசைய விடாமல் செய்துவிட்டு அந்தத் தீப்பந்தை விடுவான். ஒரு வாரம் முயன்றோம். அண்ணா கோயம்புத்தூரில் ஹாஸ்டலுக்குக் கிளம்ப வேண்டிய நாள் வந்துவிட்டது. விடியற்காலை நாலரை மணி, டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒருமுறை போட்டேன், தீப்பந்து வந்தது, பக்கவாட்டில் நகர்ந்தேன், திரும்ப வந்தது, திரும்ப நகர்ந்தேன், அவன் விழுந்துவிட்டான். அண்ணா பக்கத்திலேயே படுத்திருந்தான், தட்டி எழுப்பியிருந்தால் முடிவுப் படத்தையாவது பார்த்திருப்பான். ராத்திரி முழுக்கப் பெட்டி கட்டிவிட்டுத் தூங்குகிறானே என்று விட்டுவிட்டேன். காலையில் சொன்னபோது “சரி சரி” என்று தலையைத் தடவிவிட்டுப் போனான். நம்பவில்லை என்று நினைக்கிறேன். இன்றைக்கும் கேட்கவில்லை.

செம்பூர் கேம்ப்:

தங்கச்சி, கேட்டுவிடுங்கள். தள்ளிப் போடாதீர்கள்.

சயான் சர்க்கிள்:

கோலிவாடா அண்ணா, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் பார்லர்தானே? சுவரில் புரூஸ் லீ படம் ஒட்டியிருக்குமே. நானும் அங்கேதான். மூன்றாவது டிவியில் இடது பக்க ரிமோட்டில் வட்டம் சிக்கிக்கொள்ளும், ஒருமுறை அழுத்தினால் நகத்தால் கிளப்பித்தான் அடுத்தது. அதில் உட்கார யாரும் சம்மதிக்க மாட்டார்கள், சின்னப் பையன்களைத்தான் உட்கார வைப்போம். நீங்கள் அன்று எந்த டிவி?

கோலிவாடா:

மூன்றாவது. நான் வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன்.