ஏற்றத்தில் மட்டும் 'கடக்': பிபி மாற்றியும் போகவில்லை

சேலம்_சைக்கிள்:
ஞாயிறுதோறும் ஏற்காடு ஏறுகிறேன். அலுமினிய ஃப்ரேம், கியர் வண்டி. அடிவாரம் வரை சத்தமே இல்லை. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் காலடியில் 'கடக்... கடக்...'. இறக்கத்தில் மிதிக்காமல் வந்தால் நின்றுவிடுகிறது. கடையில் பிபி (பாட்டம் பிராக்கெட், பெடல் கைகள் சுழலும் அச்சும் பேரிங்கும்) போய்விட்டது என்று சொல்லிப் புதிதாக மாற்றினார்கள். பணம் போனது, சத்தம் போகவில்லை. ஃப்ரேமில் விரிசலோ என்று பயமாக இருக்கிறது.

வேகன்:
செயினுக்கு எண்ணெய் விடுங்க ப்ரோ, சரியாயிடும்.

பழைய_ஸ்பேனர்:
எண்ணெயை அப்புறம் பார்க்கலாம். ஃப்ரேம் உள்ளே வெறும் குழாய். சீட் போஸ்ட் முனகினாலும் பிபி முனகுவது போலத்தான் கேட்கும். அதனால்தான் பாவம் பிபி எல்லோரிடமும் திட்டு வாங்குகிறது. சத்தம் எங்கே கேட்கிறது என்பதை நம்ப முடியாது, எப்போது வருகிறது என்பதை நம்பலாம்.

மிதிக்காதபோது நிற்கிறது என்றால் மட்கார்டு, பிரேக் உரசல் எல்லாம் கணக்கில் இல்லை. இனி ஏற்றத்தில் எழுந்து நின்று மிதியுங்கள். சத்தம் போனால் சீட் அல்லது சீட் போஸ்ட். போகாவிட்டால் ஒரு காலுக்கு மட்டும் பலம் கொடுத்து, மற்றதைச் சும்மா வைத்துப் பாருங்கள். சுற்றையும் எண்ணுங்கள். முன்னால் 38 பல், செயினில் 114 கண்ணி என்றால், இறுகிப்போன ஒரு கண்ணி 3 சுற்றுக்கு ஒரு முறைதான் திரும்ப வரும்.

என்னிடம் ஒருவர் 'டிக் டிக்' என்று வண்டி கொண்டுவந்தார். கியர் கேபிள் நுனி வெளியே நீட்டிக்கொண்டு, சுற்றுக்கொரு முறை கிராங்கில் (பெடல் மாட்டும் கை) இடித்தது. பிளேயரால் மடக்கிவிட்டேன், அவ்வளவுதான். அதற்குள் மனிதர் பெடலே புதிதாக வாங்கியிருந்தார்.

சேலம்_சைக்கிள்:
நின்று மிதித்தாலும் வருகிறது. எல்லாச் சுற்றிலும். வலது காலை அழுத்தும்போது மட்டும்.

பழைய_ஸ்பேனர்:
அப்படியானால் வலது பெடலைக் கழற்றுங்கள். 15 மிமீ ஸ்பேனர், சிலவற்றில் பின்பக்கம் அலன் கீ. மரையைத் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவி நன்றாக இறுக்குங்கள். இடது பெடலைத் தொட்டால் கவனம், அது எதிர் மரை. தப்பாக முறுக்கினால் அலுமினியக் கிராங்கின் மரையே போய்விடும்.

அதிலும் தீராவிட்டால் செயின்வீல் போல்ட், அப்புறம் பின்சக்கர குயிக் ரிலீஸ் (சக்கரத்தை இறுக்கும் நெம்பு). ஒவ்வொன்றாகச் செய்து ஓட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இறுக்கினால் குற்றவாளி யார் என்றே தெரியாது. விரிசல் பயத்துக்கு, வண்டியைக் கழுவி வெல்டிங் ஓரங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட்டில் முடி போலக் கோடு தெரிந்தால் ஓட்டாதீர்கள்.

சேலம்_சைக்கிள்:
பெடல்தான் அண்ணே! மரையில் கிரீஸே இல்லை, வெறும் கருப்புப் பொடி. விரிசல் எதுவும் இல்லை. மேலே வரை சத்தமில்லாமல் ஏறினேன்.

கும்பகோணம்_ராடு:
தாத்தாவின் ராடு பிரேக் வண்டியிலும் இதே 'கடக்'. அதற்கும் பெடலா அண்ணே?

பழைய_ஸ்பேனர்:
அதில் முதலில் காட்டர் பின்னை (கிராங்கை அச்சோடு பிடிக்கும் ஆப்பு) பாருங்கள். நட்டை மட்டும் முறுக்கினால் ரெண்டு நாளில் மறுபடி ஆடும். பின்னைச் சுத்தியால் தட்டி இறக்கிய பிறகுதான் நட்டு. தட்டும்போது கிராங்குக்கு அடியில் இரும்பு முட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் அடி முழுக்க பிபி குண்டுகளுக்குப் போகும். பின் தேய்ந்திருந்தால் யோசிக்காமல் புதுசு போடுங்கள், விலை ரொம்பக் குறைவு.